சுழி மட்டும் பார்த்தால் போதுமா?

மண்பாண்டம் வாங்குவோர் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. விரலால் ஒரு சுண்டு. கணீரென்று ஒலித்தால் பாண்டம் நல்லது. ஒலி மழுங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று பொருள். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இது சிறுவர்களும் அறிந்த பாடம். சூளைக்குள் அடுக்கிய சரக்கு பதமாக வெந்ததா என்பதை அறியவும் ஓர் எளிய வழி உண்டு. குறிப்பிட்ட அளவு வெப்பம் ஏறியதும் வளைந்து சாயும் சிறு கூம்புகளைச் சரக்கோடு சரக்காக வைத்துவிடுவார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886-இல் வகுத்த முறை அது. தட்டிப் பார்ப்பதும் கூம்பு வைப்பதும் பொருள் இருக்கும் இடத்திலேயே, தேவைப்படும் நேரத்திலேயே, மிகக் குறைந்த செலவில் செய்யப்படும் பரிசோதனைகள். சில ரூபாய்ப் பானைக்குக் கிடைக்கும் இந்த வசதி, லட்சக்கணக்கில் விலைபோகும் குதிரைக்கு நம் மாநிலத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தை புகழ்பெற்றது. மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளும், உள்ளூர் மட்டக் குதிரைகளும் அங்கே வரிசையாக நிற்கும். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில், கழுத்தில், மார்பில், வயிற்றோரத்தில் மயிர் எப்படிச் சுழித்திருக்கிறது என்பதைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். 'சுழி சுத்தம்' என்று சொல்லப்படும் குதிரைக்கு மதிப்புத் தனி. அடுத்து, வயதை அறியப் பல்லைப் பார்ப்பார்கள். பிறகு நடக்கவிட்டு, ஓடவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். பல் வயதைச் சொல்லும். நடை காலின் நிலையைச் சொல்லும். அதன் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் இவற்றில் எதுவும் சொல்லாது.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை கையடக்கப் பரிசோதனைக் கருவிகள். ஆய்வகத்துக்கு விலங்கையோ அதன் இரத்தத்தையோ கொண்டு செல்லாமல், ஆய்வகத்தின் ஒரு சிறு பகுதியை லாயத்துக்கே கொண்டு வருவதுதான் இவற்றின் தத்துவம். நீரிழிவு உள்ளவர்கள் வீட்டிலேயே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவு பார்க்கும் கருவியை நாம் அறிவோம். அதே வழியில் இரத்தத்தில் லாக்டேட், சிவப்பணுக்களின் பங்கு, புரதம், உப்புச் சத்துகள், அழற்சியைக் காட்டும் புரதங்கள் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் அளக்கும் கருவிகள் குதிரை மருத்துவத்தில் புழக்கத்துக்கு வந்துள்ளன. தோளில் தொங்கவிட்டுச் செல்லக்கூடிய அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே கருவிகளும் உள்ளன.

குதிரைக்கு இது ஏன் இத்தனை முக்கியம்? குதிரை நம் மற்றக் கால்நடைகளைப் போன்றது அன்று. அதனால் வாந்தி எடுக்க இயலாது. குடல் மிக நீளமானது. எளிதில் அடைபடவும் முறுக்கிக்கொள்ளவும் கூடியது. 'காலிக்' எனப்படும் வயிற்றுவலிதான் குதிரை மருத்துவர்கள் மிகுதியாகச் சந்திக்கும் அவசர நிலை. தரையில் புரளும் குதிரையைப் பார்த்ததும் மருத்துவர் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இது மருந்தில் அடங்கும் வலியா, குடல் முறுக்கிக்கொண்டு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நிலையா? நலமான குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 முறை துடிக்கும். அது 70, 80 என ஏறினால் ஆபத்து என்பதைக் காதுக்குழலே சொல்லிவிடும். ஆனால், வலியாலும் அச்சத்தாலும் கூடத் துடிப்பு ஏறும்.

இங்கேதான் ஒரு துளி இரத்தம் உதவிக்கு வருகிறது. ஓய்வில் உள்ள நலமான குதிரையின் இரத்தத்தில் லாக்டேட் அளவு லிட்டருக்குப் பொதுவாக 2 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். குடலின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைபட்டால் திசுக்கள் உயிர்க்காற்று இன்றித் திணறி லாக்டேட்டை வெளிவிடும்; அளவு உயரும். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் இன்னும் தெளிவு பிறக்கும். விருத்தாசலம் பகுதியில் ஒரு குதிரைக்கு இந்நிலை ஏற்பட்டால் அதைத் தலைவாசலுக்கோ, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சென்னை வேப்பேரிக்கோ வண்டியில் ஏற்ற வேண்டும். குதிரையை ஏற்றிச் செல்லத் தக்க வண்டி கிடைப்பதே அரிது. செலவும் மிகுதி. அந்தப் பயணம் தேவைதானா என்பதை முதல் அரை மணி நேரத்தில் சொல்லும் கருவி, குதிரையின் உயிரையும் உரிமையாளரின் பணத்தையும் சேர்த்தே காக்கிறது.

இன்னொரு எடுத்துக்காட்டு பிறந்த குட்டி. மனிதக் குழந்தை தாயின் நஞ்சுக்கொடி வழியாகவே நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. குதிரைக்குட்டி அப்படிப் பெறுவதில்லை. அதற்கு எல்லாமே சீம்பால்தான். முதல் சில மணி நேரத்தில் போதிய சீம்பால் குடிக்காத குட்டி, வெளியே துள்ளி விளையாடினாலும் உள்ளே காப்பின்றி நிற்கிறது. ஒரு நாள் கடந்துவிட்டால் அப்புரதங்களைக் குடல் ஏற்றுக்கொள்வதும் நின்றுபோகும். பிறந்த 18 முதல் 24 மணி நேரத்துக்குள் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தால் பாதுகாப்பு போதுமா என்பது தெரிந்துவிடும். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400-க்குக் கீழே என்றால் உடனே பிளாஸ்மா செலுத்த வேண்டும். மாதிரியைத் தொலைதூர ஆய்வகத்துக்கு அனுப்பி மூன்றாம் நாள் முடிவு பெற்றால் அந்த முடிவால் குட்டிக்குப் பயனில்லை.

பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். இனச்சேர்க்கை நடந்த 14 முதல் 16 நாள்களுக்குள் அல்ட்ராசவுண்ட் மூலம் கருவையும், அது இரட்டையா என்பதையும் அறிய முடியும். குதிரைக்கு இரட்டைக் கரு வரம் அன்று. பெரும்பாலும் இரண்டும் கலைந்துவிடும். சினை பிடிக்காத குதிரைக்குச் சினை என்று நம்பி மாதக்கணக்கில் கொள்ளும் புல்லும் வாங்கிப் போடும் சிறு உரிமையாளருக்கு, இத்தகவல் நேரடி வருமானம்.

கையடக்கப் பரிசோதனை புதுமைபோலத் தோன்றினாலும் அதன் தொடக்கம் பழையது. 1880-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில், கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், 'சர்ரா' என்று மக்கள் அழைத்த நோயால் மெலிந்து இறந்துகொண்டிருந்த குதிரைகள், ஒட்டகங்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். துடித்து நெளியும் ஒட்டுண்ணிகளைக் கண்டார். முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு நோய் உண்டாக்கும் டிரிபனோசோம் என்ற ஒட்டுண்ணி முதன்முதலில் இனங்காணப்பட்டது அப்போதுதான். இன்றும் அதன் அறிவியல் பெயரில் எவான்ஸின் பெயர் உள்ளது. அப்போதைய அறிஞர் சிலர் அவர் கூற்றை ஏற்கத் தயங்கினர். நோயுற்ற விலங்கு நின்ற ஊருக்கு நுண்ணோக்கி சென்றதால் உண்மை வெளிப்பட்டது.

இதுவரை சொன்னவை ஒரு குதிரைக்கும் அதன் உரிமையாளருக்கும் உள்ள கணக்கு. தொற்றுநோய் என்று வரும்போது கணக்கு ஊருக்கே உரியதாகிறது. குதிரைகளைத் தாக்கும் நோய்களில் கொடியது கிளாண்டர்ஸ். ஒருவகைப் பாக்டீரியாவால் வருவது. மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கட்டிகளும், நுரையீரல் பாதிப்பும் உண்டாகும். குதிரையைப் பராமரிப்பவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் தொற்றக்கூடியது. மனிதருக்கு உயிர்க்கொல்லியாகவும் மாறும். இதற்குத் தடுப்பூசி இல்லை. நோய் உறுதியானால் விலங்குக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. வலியின்றிக் கொன்று ஆழப் புதைக்க வேண்டும். விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள குதிரையும் நெடுங்காலம் நோயைச் சுமந்து திரியக்கூடும் என்பதுதான் இதன் பெருஞ்சிக்கல். சந்தையில் சுழி சுத்தமாக நிற்கும் குதிரை, மூக்கின் உள்ளே எதைக் கொண்டு வந்திருக்கிறது என்பது அதை விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

தொற்று எத்தனை விரைவில் வாழ்வாதாரத்தை முடக்கும் என்பதற்கு அண்மைய சான்று கேதார்நாத். 2025 மே மாதத் தொடக்கத்தில், யாத்திரை தொடங்கிய சில நாள்களிலேயே, மலைப்பாதையில் பக்தர்களைச் சுமக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அடுத்தடுத்து இறந்தன. இன்புளூயன்சா பரவுகிறதோ என்ற அச்சத்தில் விலங்குப் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஆண்டில் ஆறு மாதமே உள்ள பருவத்தின் வருவாயை நம்பி வாழும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு நாளும் இழப்பு. 2008-09-இலும் ஜம்முவின் கட்ரா பகுதியில் தொடங்கிய இதே குதிரை இன்புளூயன்சா பல மாநிலங்களுக்குப் பரவிற்று. நோயுள்ள விலங்கு எது, இல்லாத விலங்கு எது என்று அதே இடத்தில் பிரித்தறிய முடிந்தால், எல்லா விலங்குகளையும் நிறுத்திவைக்க வேண்டிய தேவை குறையும்.

நம் நாட்டில் குதிரை நோய்களுக்கான தலைமை நிறுவனம் ஹரியாணா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். கிளாண்டர்ஸ், தொற்று இரத்தசோகை போன்ற நோய்களுக்கான பரிசோதனை முறைகளை உருவாக்கிய பெருமை அதற்கு உண்டு. குதிரைகளின் பைரோபிளாஸ்மோசிஸ் நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பின் மேற்கோள் ஆய்வகம் என்ற தகுதியையும் 2025-இல் அது பெற்றுள்ளது. ஆனால், ஹிசார் நமக்கு 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. குளிர்பெட்டியில் மாதிரி சென்று, முடிவு வரும் வரை அந்தக் குதிரை எங்கே நிற்கும், யார் தீனி போடுவார்கள், சந்தை அதற்காகக் காத்திருக்குமா? காத்திருக்காது. முடிவு வருவதற்குள் குதிரை கைமாறி வேறு மாநிலத்துக்கே சென்றிருக்கும்.

அப்படியானால் ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு பெட்டி பரிசோதனைப் பட்டைகளை அனுப்பிவிட்டால் தீர்ந்ததா? இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கரோனா காலத்தில் நாம் எல்லோரும் கற்ற பாடம்தான் அது. விரைவுப் பட்டை ஒன்று சொல்லும், ஆர்.டி.பி.சி.ஆர். வேறொன்று சொல்லும். குதிரைக்கும் அது பொருந்தும். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம்.

10,000 குதிரைகளில் 10 குதிரைகளுக்கு மட்டுமே நோய் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். நம் கையில் உள்ள பட்டை மிக நல்லது. நோயுள்ள 100 விலங்குகளில் 95-ஐக் கண்டுபிடிக்கும், நோயற்ற 100 விலங்குகளில் 99-ஐச் சரியாக விடுவிக்கும். எல்லாக் குதிரைகளையும் சோதித்தால், நோயுள்ள 10-இல் 9 அல்லது 10 பிடிபடும். நோயற்ற 9,990 குதிரைகளில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறத்தாழ 100 குதிரைகளையும் அதே பட்டை 'நோயாளி' என்று காட்டும். ஆக, பிடிபட்ட 110 குதிரைகளில் உண்மையில் நோயுள்ளவை பத்துதான். பட்டையின் சொல்லை மட்டும் நம்பி எல்லாவற்றையும் கொன்றால், ஒரு நோயுற்ற குதிரைக்காகப் பத்து நலமான குதிரைகள் மடியும். நோய் அரிதாக இருக்கும் இடத்தில் நல்ல கருவியும் இப்படித்தான் தவறும். இது கருவியின் குற்றம் அன்று, எண்ணிக்கையின் இயல்பு.

எனவே கையடக்கக் கருவியின் வேலை தீர்ப்பு வழங்குவது அன்று. யாரைத் தனியே நிறுத்தி மேலும் விசாரிக்க வேண்டும் என்று சுட்டுவது. தீர்ப்பு, உறுதிப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்துடையது. அதேபோல், நோய் இல்லை என்று பட்டை காட்டுவதும் நிரந்தரச் சான்றிதழ் அன்று. தொற்றிய தொடக்க நாள்களில் உடல் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கியிருக்காது, பட்டை ஏமாந்துபோகும். பயன்படுத்தும் கருவி எந்த உயிரினத்துக்கென அளவு செய்யப்பட்டது என்பதும் முக்கியம். மனிதருக்கான சர்க்கரை மானியைக் குதிரைக்கு அப்படியே பயன்படுத்தினால் அளவு பிழையாகக்கூடும். இரு உயிர்களின் இரத்தமும் ஒன்றுபோல் அமைந்தது அன்று. எந்த விலங்குக்கு, எந்த அளவு துல்லியம் என்று உறுதி செய்யப்படாமல் கடையில் விற்கும் பட்டையை நம்புவது, மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதுதான்.

இனி, பொருளியல் ஆசிரியனாகப் பணியாற்றிய என்னை மிகவும் ஈர்க்கும் கேள்விக்கு வருகிறேன். இத்தனை பயனுள்ள ஒன்று ஏன் தானாகவே நம் ஊர்களுக்கு வந்து சேரவில்லை?

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலையும் என்பதை விளக்கியது. பழைய கார்ச் சந்தை அவர் காட்டிய முதன்மை எடுத்துக்காட்டு. இந்தியக் கடன் சந்தை பற்றியும் அதில் பேசுகிறார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாங்குபவருக்கு நல்லது எது, கெட்டது எது என்று தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரு சராசரி விலையே கொடுப்பார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க விரும்பாமல் விலகுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மட்டமான சரக்குதான்.

அகர்லாஃபுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குதிரை வாணிகத்தில் நமக்கு இந்த அனுபவம் உண்டு. பாண்டியன் கண்குளிரப் பார்த்து ஏற்றுக்கொண்ட பரிகள் இரவில் நரிகளாக மாறிய கதையை நாம் பக்தியோடு கேட்கிறோம். தரம் அறிய முடியாத சந்தையில் ஓர் அரசனின் கவலையும் அதற்குள் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டார் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதாகவும், பராமரிப்பும் மருத்துவமும் அறியாமையால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால், வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக்கூட நலம் பார்க்கச் செலவிடாத வழக்கம் பழையது என்பது தெரிகிறது.

பரிசோதனை பொருள் இருக்கும் இடத்துக்கு வந்தால் சந்தை எப்படித் திருந்தும் என்பதைக் காணக் கேதார்நாத் வரை போக வேண்டியதில்லை. நம் கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தால் போதும். ஒரு காலத்தில் பாலுக்கு அளவை வைத்தே விலை. தண்ணீர் கலந்தவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே காசு. லாக்டோமீட்டரும் கொழுப்புச் சத்து அளவீடும் சங்கத்து மேசைக்கே வந்த பிறகு, நேர்மையாகப் பால் ஊற்றியவருக்கு அதற்கான கூலி கிடைத்தது. மாதிரியைச் சென்னைக்கு அனுப்பி ஒரு வாரம் கழித்து முடிவு சொல்வதாக இருந்தால் அந்த முறை ஒரு நாளும் நிலைத்திருக்காது.

ஆனால், பாலுக்கு நடந்தது குதிரைக்கு ஏன் நடக்கவில்லை? எண்ணிக்கைதான் காரணம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. கழுதைகளின் எண்ணிக்கை 61 விழுக்காடு சரிந்தது. ஒரு கருவியை வாங்குவது நிலைச்செலவு. ஒவ்வொரு முறையும் செலவாகும் பட்டை மாறும் செலவு. ஒரு வட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைகளே இருந்தால், எந்தத் தனியார் மருத்துவரும் கருவியின் விலையைத் திரும்ப எடுக்க முடியாது. பட்டைகளோ பயன்படுத்தப்படாமலே காலாவதியாகும். பந்தயக் குதிரைக்குப் பணக்கார உரிமையாளர் இருக்கிறார். மருத்துவரும் ஆய்வகமும் அவரைத் தேடி வரும். மெரினாவில் சவாரிக்கு விடுபவருக்கும், திருமண ஊர்வலத்துக்குக் குதிரை கொடுப்பவருக்கும், உதகையில் மட்டக் குதிரை வைத்துப் பிழைப்பவருக்கும் அப்படி யாரும் வருவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பரிசோதனையின் பயன் முழுவதும் செலவு செய்பவருக்குப் போய்ச் சேர்வதில்லை. என் குதிரைக்கு நோய் என்று கண்டறிந்தால் காப்பாற்றப்படுபவை பக்கத்து லாயத்துக் குதிரைகள்; இழப்போ முழுவதும் எனக்கு. இந்நிலையில் யார் தாமாக முன்வந்து சோதிப்பார்கள்? நோய் உறுதியானால் தன் ஒரே சொத்தை இழக்கப்போகும் ஓர் ஏழை, மூக்கில் சளி வடியும் குதிரையை மருத்துவரிடம் காட்டுவாரா, இரவோடு இரவாக வேறு ஊர்ச் சந்தைக்கு ஓட்டிச் செல்வாரா? அவர் நேர்மையற்றவர் என்று பழி சொல்வது எளிது. இழப்பீட்டுத் தொகை சந்தை விலைக்கு எவ்வளவு குறைவோ, மறைப்பதற்கான தூண்டுதலும் அவ்வளவு கூடும் என்பதே பொருளியலின் விடை.

கிளாண்டர்ஸை முற்றாக ஒழித்த நாடுகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. பிரிட்டன் 1928-இல் அந்நோயிலிருந்து விடுபட்டது. மோட்டார் வாகனங்கள் வந்து குதிரைகள் குறைந்ததும் அதற்கு உதவியது உண்மை. ஆனால், அடிப்படையில் அங்கு நடந்தவை மூன்று: லாயத்திலேயே செய்யக்கூடிய 'மாலின்' பரிசோதனை, நோயுள்ளவற்றை அகற்றுதல், உரிமையாளருக்கு இழப்பீடு. மாலின் என்பது நோய்க்கிருமியிலிருந்து எடுத்த புரதம். அதைக் குதிரையின் கீழ் இமையில் செலுத்தி, இரண்டு நாள் கழித்து வீக்கம் உள்ளதா என்று பார்ப்பார்கள். 1890-களில் வந்த அந்த முறைக்கு மின்சாரமும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். கருவி எளியதாக இருந்தாலும், அதன் பின்னால் நின்ற அரசின் ஏற்பாடு உறுதியாக இருந்தது.

குறைந்துவரும் குதிரைக்காக அரசு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பசுவுக்கும் ஆட்டுக்கும் போதிய மருத்துவர் இல்லாத ஊரில் குதிரைக்குக் கருவியா என்றுகூடத் தோன்றும். முதல் விடை, இக்கருவிகளில் பல குதிரைக்கு மட்டும் உரியவை அல்ல. தூக்கிச் செல்லும் அல்ட்ராசவுண்ட் பசுவின் சினையையும் பார்க்கும். நுண்ணோக்கி ஆட்டின் குடற்புழு முட்டையையும் காட்டும். கீட்டோன் அளக்கும் சிறு கருவி கறவை மாட்டுக்கு இன்றியமையாதது. கடலூர் மாவட்டத்தின் கறவை மாடுகளுக்காக வாங்கும் கருவிப் பெட்டியில் குதிரைக்கான சில பட்டைகளைச் சேர்ப்பது பெரிய கூடுதல் செலவாகாது.

இரண்டாவது விடை, குதிரையின் நலம் குதிரையோடு முடிவதில்லை. நம் பகுதியில் கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் பாம்புக் கடிக்கு ஆளாகும் உழவரின் உயிரைக் காப்பது நச்சுமுறி மருந்து. வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு, மருந்து நிறுவனங்களில் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தப்படுகிறது. அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதமே நமக்கு மருந்தாகிறது. அக்குதிரையிடம் எவ்வளவு இரத்தம் எடுக்கலாம், எப்போது ஓய்வு தர வேண்டும் என்பதை அந்த இடத்திலேயே அளந்து முடிவு செய்வது அதன் நலனுக்கும் நம் நலனுக்கும் தேவை. மூன்றாவது, கிளாண்டர்ஸ் போன்ற நோய் முதலில் தொற்றுவது குதிரைக்குத் தவிடு வைக்கும் கைகளில். அந்தக் கைகள் பெரும்பாலும் ஏழைகளின் கைகள்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் ஊர்தியிலாவது லாக்டேட் மானி, புரத அளவி, சிறு மையவிலக்கி, நுண்ணோக்கி, அல்ட்ராசவுண்ட், மாதிரிகளுக்கான குளிர்பெட்டி ஆகியவற்றை வைக்கலாம். தனி மருத்துவரால் சுமக்க முடியாத நிலைச்செலவை மாவட்டம் முழுவதும் பகிர்ந்துகொண்டால் அது சுமையாகாது.

அந்தியூர் போன்ற சந்தைகளின் நுழைவாயிலில், விலங்கு இறங்கும்போதே வெப்பமும் மூக்கும் தோலும் பார்த்து, ஐயத்துக்குரியவற்றின் இரத்தத்தைச் சோதிக்கும் ஒரு கூடாரம் அமைக்க வேண்டும். ஐயத்துக்குரிய விலங்கைத் தனியே கட்ட இடமும், முடிவு வரும் வரை தீனிச் செலவும் அரசின் பொறுப்பாக இருக்க வேண்டும். உறுதிப் பரிசோதனைக்கு ஹிசாரை மட்டுமே எதிர்பார்க்காமல், மாதவரத்திலோ பெங்களூரிலோ தென் மாநிலங்கள் இணைந்து பயன்படுத்தும் வசதியை வலுப்படுத்தலாம். சந்தைக்கு முன்பே சோதித்துச் சான்று பெற்ற குதிரைக்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை அளிக்கலாம். சான்றுள்ள குதிரைக்கு வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுக்கத் தொடங்கிவிட்டால், பிறகு எவரையும் கட்டாயப்படுத்த வேண்டியிராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் உறுதியாகி அகற்றப்படும் குதிரைக்குச் சந்தை விலையை ஒட்டிய இழப்பீடு, மாதக்கணக்கில் அலையவிடாமல் சில நாள்களுக்குள் கிடைக்க வேண்டும். இது கருணைத் தொகை அன்று. ஊரைக் காப்பதற்காக ஒருவர் தன் சொத்தை விட்டுக்கொடுக்கிறார். ஊர் அவருக்குத் தர வேண்டிய விலை அது. இந்த ஒன்று இல்லாமல் எத்தனை நவீனக் கருவி வந்தாலும், குதிரைக்காரர் அதைக் கண்டு ஓடத்தான் செய்வார். நோயும் அவரோடு சேர்ந்து ஓடும்.

சுழி பார்ப்பதை விட்டுவிடுமாறு யாரும் கேட்கவில்லை. அது தலைமுறைகளின் நம்பிக்கை, இருந்துவிட்டுப் போகட்டும். சுழி பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில், பக்கத்துக் கூடாரத்தில் ஒரு துளி இரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்பதுதான் கோரிக்கை. வரும் ஆடிச் சந்தைக்கு முன்பாகக் கால்நடைப் பராமரிப்புத் துறை ஒரே ஒரு கூடாரத்தை அமைத்துத் தொடங்கினாலும் போதும்.